பாட்டு நின்றது தெரியாமல்

அன்புச்செல்விக்குப் பேய் பயம் கிடையாது, பாம்பு பயம் கிடையாது. இருபத்திரண்டு வருஷம் விசைத்தறி ஓட்டியவளுக்கு மேஸ்திரி பயம் எங்கிருந்து வரும்? அவளுக்குப் பயமெல்லாம் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிடுகிறவர்களிடம்தான். அப்படி யாராவது கூப்பிட்டால் அவளுக்குத் தெரியாது. தெரியாது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் பிழைப்புப் போய்விடும். ஆகவே எங்கே போனாலும் சுவரை முதுகுக்குக் கொடுத்து, எல்லோர் முகமும் தெரிகிற இடமாகப் பார்த்து நிற்கப் பழகிக்கொண்டாள்.

எருமப்பட்டிப் பக்கம் சோளக்காட்டில் வளர்ந்தவள். பத்தொன்பது வயதில் குமாரபாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்தாள். வந்த மூன்றாம் மாதம் தறிப்பட்டறைக்குள் நுழைந்தாள். ஒரே கூரைக்குக் கீழே இருபத்து நான்கு தறிகள் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. பட்டறைக்குள் யாரும் கத்தவும் மாட்டார்கள். உதட்டை அசைப்பார்கள், கையை ஆட்டுவார்கள், புருவத்தைத் தூக்குவார்கள். நான்கு தறி தள்ளி நிற்கிறவள் வீட்டில் நேற்று என்ன குழம்பு, எதற்காகச் சண்டை என்பதெல்லாம் அன்புச்செல்விக்கு உதட்டைப் பார்த்தே அத்துபடி. தறி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, ஓடும் தறியின் சட்டத்தில் உள்ளங்கையை வைப்பாள். அதிர்வில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் கை சொல்லிவிடும்.

இப்படிக் கண்ணும் கையும் வேலை செய்துகொண்டிருக்க, காது எப்போது கழன்றுகொண்டது என்று அவளுக்கே தெரியவில்லை. முதலில் கொசுவின் ரீங்காரம் போனது. அதை நல்லதுக்குத்தான் என்று நினைத்தாள். பிறகு குக்கர் விசில் போனது. ஆவி பீய்ச்சுவதைப் பார்த்து எண்ணிக்கொண்டாள். தறிக்காரர்கள் தெருவில் பாதிப் பேர் சத்தம் போட்டுத்தான் பேசுவார்கள், மீதிப் பேர் அதைவிடச் சத்தமாகப் பதில் சொல்வார்கள். அங்கே அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை, வைத்தியம் பார்ப்பதுமில்லை.

புருஷன் சபரிநாதனுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை. போர் போட வடக்கே போனால் ஐந்து மாதம், ஆறு மாதம். போனில் கூப்பிட்டால் அன்புச்செல்வி எடுக்க மாட்டாள், வீடியோவில் வரச் சொல்லி அடம்பிடிப்பாள்.

"ஏம்புள்ள, என்ற மொகத்தப் பாக்காம ஒரு வார்த்த பேச மாட்டியா நீயி?" என்று அவன் ராய்ப்பூரிலிருந்து சிரிப்பான். பொண்டாட்டிக்குத் தன்மேல் அவ்வளவு ஆசை என்று கூட வேலை செய்கிறவர்களிடம் பெருமையும் அடித்துக்கொள்வான். அவள் அவன் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அந்த மனுஷனுக்கு இன்றுவரை தெரியாது.

முழங்கால் பன்னிரண்டு மணி நேரம் நிற்கச் சம்மதிக்காமல் போன பிறகு, நான்கு வருஷத்துக்கு முன் ஒரு மழலையர் பள்ளியில் ஆயாவாகச் சேர்ந்தாள். ஒரு பழைய வீட்டின் உள்சுவர்களை இடித்துப் பள்ளியாக்கியிருந்தார்கள். நாற்பது பிள்ளைகள். ஒரு பக்கச் சுவரை ஒட்டி வேறு யாருடையதோ ஒரு தறிப்பட்டறை. பள்ளியை நடத்தும் மதுமதி மிஸ் வயதில் சின்னவள், வேகமாகப் பேசுவாள், ஆனால் நேராகப் பார்த்துப் பேசுவாள். பிள்ளைகளோ அதைவிடச் சௌகரியம். நான்கு வயதுப் பிள்ளை தூரத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டு நிற்காது. நேரே வந்து சேலையைப் பிடித்து இழுக்கும், மூஞ்சிக்கு மூஞ்சி நின்று பேசும். அன்புச்செல்வி அந்த நான்கு வருஷமும் நிம்மதியாக இருந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த நிம்மதி போனது நான்கு வயது வளவனால். அவன்மேல் குற்றமில்லை, பாவம்.

பிள்ளைகளெல்லாம் முன்னறையில் மதியம் தூங்குகிற நேரம், பக்கத்துப் பட்டறை இரைச்சலில் பின்பக்கத்துச் சத்தம் அங்கே எட்டாது. வளவன் கழிப்பறைக்குப் போனான். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டவனுக்குத் திறக்க வரவில்லை. கதவுக்கு ஐந்தடி தள்ளி அன்புச்செல்வி தாழ்வாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவன் கத்தினான், அழுதான், கதவில் மோதினான். அவள் பெருக்கினாள். குப்பையை அள்ளினாள். திரும்பவும் ஒருமுறை பெருக்கினாள். கால் மணி நேரம் கழித்து, அவள் குப்பையைக் கொட்டத் தெருவுக்குப் போன நேரத்தில், தண்ணீர் குடிக்க வந்த வேன் டிரைவர்தான் ஓடிப்போய்க் கதவைப் பெயர்த்து அவனை வெளியே எடுத்தார். தொண்டை கட்டிப்போய், கால்சட்டை நனைந்து, உதடு நீலம் பாய்ந்திருந்தது பையனுக்கு.

"நீங்க எங்கக்கா போயிருந்தீங்க?" என்று மதுமதி கேட்டாள்.

"தெருக்கொழாய்க்குத் தண்ணிக்குப் போனனுங்க மிஸ்" என்று அன்புச்செல்வி சொன்னாள். வாய் அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

எல்லோரும் நம்பினார்கள். மதுமதி தாழ்ப்பாளைத்தான் திட்டினாள். கதவை மறுபடி மாட்டியாயிற்று. உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட ஆசாரியை வரச் சொன்னாள். ஆசாரி இதோ வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று இரண்டு வாரம் ஓட்டிவிட்டார். அன்புச்செல்வியின் வயர் கூடையில், தறிக்காரப் பழக்கத்தில், எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கிடக்கும். இரண்டே இரண்டு திருகாணி. ஆனால் அந்தத் தாழ்ப்பாளைத் தொட்டால் அன்றைய பேச்சு திரும்ப எழும், யார் எங்கே இருந்தார்கள் என்ற கேள்வி வரும். அவள் தொடவில்லை.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தூங்கினால் கனவில் கதவு. பையன் செத்துப் போயிருந்தால்? நாளைக்கு இன்னொரு பிள்ளை தொட்டியில் விழலாம், படியில் உருளலாம், தான் பக்கத்திலேயே நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கலாம். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் நினைப்பாள். சொன்னால் வேலை போய்விடுமே என்று சாயங்காலம் நினைப்பாள். அந்தப் பிள்ளைகளை விட்டால் அவளுக்கு வீட்டில் நான்கு சுவரும் ஒரு போனும்தான்.

வளவனிடம் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் வேறு யாரையும் கூப்பிட மாட்டான். அன்புச்செல்வியின் விரலைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவான். அவள் உள்ளங்கையை எடுத்துக் கதவின்மேல் வைப்பான். பிறகு உள்ளே போய், வெளியே வருகிறவரை கதவைக் காலால் உதைத்துக்கொண்டே இருப்பான். டொம், டொம் என்று அவள் கைக்கு வந்துகொண்டே இருக்கும். பயந்த பிள்ளை, பயம் தெளியட்டும் என்று அவளும் பொறுமையாக நிற்பாள்.

இந்த லட்சணத்தில்தான் யுவஸ்ரீயின் பிறந்த நாள் வந்தது. யுவஸ்ரீயின் அம்மா தனப்பிரியா பள்ளியிலேயே கேக் வெட்டி, பிள்ளைகளுக்கு விளையாட்டு வைக்க வேண்டுமென்று கேட்டாள். மியூசிக்கல் சேர்தான் வைக்க வேண்டும் என்று யுவஸ்ரீ ஒற்றைக்காலில் நின்றாள்.

பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பெரியவர்களுக்கு அப்படியில்லை. போன வருஷம் ஆண்டு விழாவில் பாட்டை நிறுத்திய டீச்சர், தன் அண்ணன் மகள் நாற்காலிக்குப் பக்கத்தில் வரும்போதே நிறுத்தினாள் என்று பெரிய ரகளையாகி, இரண்டு குடும்பம் பிள்ளைகளை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டது. ஆகவே இந்தத் தடவை மதுமதி முன்கூட்டியே முடிவு செய்துவிட்டாள்.

"அக்கா, நீங்கதான் பாட்டப் போட்டு நிறுத்தோணும். உங்களுக்கு இங்க சொந்தக்காரப் புள்ள யாருமில்ல. புள்ளைகளப் பாக்காம முதுகக் காட்டிட்டு நில்லுங்க. அப்பறம் யாரும் வாயத் தொறக்க முடியாது."

முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம். அன்புச்செல்வி சாக்குத் தேடினாள். "எனக்கு அந்த போனெல்லாம் அமுக்கத் தெரியாதுங்க மிஸ்" என்று சொல்லிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம பெருக்க வருவீங்கல்ல, அப்பச் சொல்லித் தாரேன்."

ஞாயிற்றுக்கிழமை மதுமதி தன் போனைக் காட்டி, இதை அமுக்கினால் நிற்கும், இதையே திரும்ப அமுக்கினால் பாடும் என்று சொல்லிக் கொடுத்தாள். பாட்டு வருவது போனிலிருந்து அல்ல, ஒயரால் இணைத்து மேஜைமேல் வைத்த சின்ன ஸ்பீக்கரிலிருந்து. அன்புச்செல்விக்கு ஏதோ சுவருக்கு அந்தப் பக்கம் உலக்கை இடிப்பது போல ஒரு மந்தமான சத்தம்தான் வந்தது. ஆனால் மேஜையில் உள்ளங்கையை வைத்தபோது உடம்பெல்லாம் உயிர் வந்தது. பலகை அதிர்ந்தது. அமுக்கினாள், அதிர்வு நின்றது. திரும்ப அமுக்கினாள், அதிர்ந்தது. போதுமே. கண்ணை மூடிக்கொண்டுகூட இதைச் செய்துவிடலாம். அன்றைக்கு ஒருநாள் வயிறாரச் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பட்டறையில் தறி ஓடாது என்பது அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

பிறந்த நாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்கென்று பார்த்து ஊருக்கெல்லாம் மாதாந்திரக் கரண்டு நிறுத்தம். காலை ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வரும். ஸ்பீக்கருக்குச் சார்ஜ் போட வழியில்லை. இருப்பதை வைத்து ஓட்டிவிடலாம் என்றாள் மதுமதி. கரண்டு இல்லாததால் பக்கத்துப் பட்டறையும் ஓடவில்லை. ஆக, மூன்றரை மணிக்கு ஆட்டம் தொடங்கியபோது எல்லாம் ஞாயிற்றுக்கிழமை போலவே இருந்தது.

யுவஸ்ரீ வகுப்பின் பத்துப் பிள்ளைகள், ஒன்பது குட்டி நாற்காலிகள். அம்மாக்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அன்புச்செல்வி பட்டறைப் பக்கச் சுவரை ஒட்டிய மேஜைக்கு முன்னால் சுவரைப் பார்த்து நின்றாள். முதுகு முழுக்கக் கண்களாக இருந்தது அவளுக்கு. இடது கை மேஜையில், வலது கை விரல் போனில். மனசுக்குள் முப்பது எண்ணினாள், நாற்பது எண்ணினாள், அமுக்கினாள். திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு பிள்ளை நின்று அழுதுகொண்டிருந்தது. சரியாக நடந்திருக்கிறது. ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டாள். மறுபடி சுவர். ஒவ்வொரு சுற்றுக்கும் ஜாக்கெட் முதுகு நனைந்தது. ஐந்து சுற்று முடிந்தது. வளவன், யுவஸ்ரீ, இன்னும் மூன்று பேர் மிச்சம். நாற்காலி நான்கு.

ஆறாவது சுற்று நடந்துகொண்டிருக்கும்போது கரண்டு வந்தது. தலைக்குமேல் ஃபேன் சுற்றியது. அப்பாடா, காற்று என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் மேஜை முன்னைவிட நன்றாக அதிர ஆரம்பித்தது. வேகப் பாட்டு வந்திருக்கிறது போல, ஸ்பீக்கரும் தெம்பாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டாள்.

அது பாட்டில்லை, பக்கத்துப் பட்டறையில் பதினாறு தறியும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கியிருந்தது. வேறு எவளாக இருந்தாலும் சந்தேகம் வந்திருக்கும். இருபத்திரண்டு வருஷம் அந்த அதிர்விலேயே நின்றவளுக்கு அதை வேறாகப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. உள்ளங்கை வழியாக ஏறி, தோளுக்குப் போய், கழுத்துக்குப் போனது. இரண்டு வாரமாக இறுகிக் கிடந்த உடம்பு தளர்ந்தது. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. தலை தானாக ஆடியது. ஒரு குதிகால் தாளம் போட்டது. போனில் பாட்டு ஓடுவதைக் காட்டும் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் ஓடட்டும், பிள்ளைகள் ஆசையாக ஓடுகிறார்கள் என்று நினைத்தாள்.

ஸ்பீக்கர் சார்ஜ் தீர்ந்து அணைந்து ஒரு நிமிஷம் ஆகியிருந்தது.

பிள்ளைகள் உட்கார்ந்து, யார் அவுட் என்று சண்டை போட்டு, அந்தச் சண்டையும் ஓய்ந்துவிட்டது. அவுட்டான பிள்ளை அம்மா மடியில் போய் விழுந்துவிட்டது. அம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பாட்டே இல்லாத அறையில் ஆயா மட்டும் சுவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா" என்றாள் மதுமதி. அவள் திரும்பவில்லை. "ஏனுங்க்கா, அக்கோவ்." மூன்றாம் முறை கூப்பிட்டபோது மதுமதியின் முகத்தில் சிரிப்பு இல்லை.

அப்போது வளவன் நாற்காலியிலிருந்து இறங்கினான். பிடித்துவைத்திருந்த இடம் போய்விடுமே என்று அவன் யோசிக்கவில்லை. நேரே மேஜைக்குப் போனான். ஆயா என்று கூப்பிடவில்லை, சேலையையும் இழுக்கவில்லை. மேஜைக் காலை ஓங்கி உதைத்தான். டொம். டொம்.

அன்புச்செல்வியின் உள்ளங்கையில் அது இறங்கியது. கழிப்பறைக் கதவில் இரண்டு வாரமாக இறங்கிய அதே உதை.

அவள் குனிந்து அவனைப் பார்த்தாள். பிறகு திரும்பினாள். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குட்டு உடைந்தது, அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

"ஆயா பாட்டுலயே சொக்கிப் போய்ட்டாங்க போலிருக்குதே" என்றாள் தனப்பிரியா. எல்லோரும் கலகலவென்று சிரித்தார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள். மதுமதி ஸ்பீக்கரைத் தூக்கிப் பார்த்து, "சார்ஜ் போயிருச்சுங்க்கா, விடுங்க" என்றாள். அவ்வளவுதான். யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவள் தப்பித்துவிட்டாள்.

மிச்ச ஆட்டத்தை மதுமதி தட்டில் கரண்டியால் தட்டி நடத்தினாள். வளவன் இறங்கிய நாற்காலியில் வேறொரு பிள்ளை ஏறிக்கொண்டதால் அவன் அவுட். அவன் அழவில்லை, ஓரமாகப் போய்க் கேக் தின்றான். அன்புச்செல்வி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பயந்துபோய்க் கதவை உதைக்கிற பிள்ளை என்று நினைத்தாளே, அவள் எவ்வளவு மடச்சி. ஆயாவுக்குக் கேட்காது என்று இவனுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. கதவுக்கு அடியிலிருந்த இடுக்கில் துடைப்பம் போவதும் வருவதும் அவனுக்குத் தெரிந்துகொண்டே இருந்திருக்கும். கத்தினால் கேட்காதவளுக்கு எது கேட்கும் என்று நான்கு வயதுப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்து, அதை யாரிடமும் சொல்லாமல், தினமும் தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். இந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு வந்த பயத்துக்கு முன்னால், வேலை போய்விடும் என்ற பயம் ஒன்றுமே இல்லை.

ஐந்து மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். வளவனின் அம்மா மட்டும் வர வேண்டும். அவன் வந்து வழக்கம்போல விரலைப் பிடித்தான்.

"இரு சாமி" என்று சொல்லிவிட்டு அன்புச்செல்வி மதுமதிக்கு எதிரே போய் நின்றாள்.

"மிஸ், எனக்குக் காது கேக்காதுங்க."

மதுமதி கையிலிருந்த கேக் தட்டைக் கீழே வைத்தாள்.

"உங்க வாயப் பாத்துத்தான் பேசறனுங்க. அன்னிக்கு நான் தண்ணிக்குப் போவலீங்க. இந்தா, இங்கதான் நின்னு கூட்டிட்டிருந்தேன். இவன் கத்துனது எனக்குக் கேக்கலீங்க."

மதுமதி கதவைப் பார்த்தாள், தாழ்வாரத்தைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள். பிறகு அன்புச்செல்வியின் முகத்துக்கு நேரே முகத்தைத் திருப்பி, நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"இனி புள்ளைகளத் தனியா உங்ககிட்ட உட முடியாதுங்க்கா. கோவிச்சுக்காதீங்க."

"கோவிக்கறதுக்கு என்னங்க மிஸ் இருக்குது."

"திங்கக்கெழம ஈரோட்டுல காதக் காட்டிட்டு வாங்க. அப்பறம் பாக்கலாம்."

பார்க்கலாம் என்றால் என்ன என்று அன்புச்செல்விக்கு விளங்கவில்லை. மதுமதிக்கே விளங்கியிருக்காது. அன்புச்செல்வி தன் வயர் கூடையைத் துழாவி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். முதல் திருகாணி இரண்டு தடவை வழுக்கியது. இரண்டாவது சுலபமாக வந்தது. தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. இரண்டு வாரம் கழற்றாத பொருள், இரண்டு நிமிஷ வேலை. அதை மதுமதியின் மேஜைமேல் வைத்தாள்.

வளவன் கதவில் மிச்சமிருந்த இரண்டு ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்த்தான். கதவை ஒருமுறை திறந்து மூடினான். உள்ளே போய், பாதி சாத்திக்கொண்டான்.

அன்புச்செல்வி பழக்கத்தில் கதவில் கையை வைத்தாள். பின்னால் மதுமதி வந்து நின்றதை அவள் பார்க்கவில்லை. பட்டறையின் அதிர்வு மட்டும் மெல்லியதாகக் கைக்கு வந்துகொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள். உள்ளிருந்து உதை ஒன்றுகூட வரவில்லை.